முந்நூறு வருட ஷிஃப்டு

விண்வெளிக் கதை எழுதுகிறவளுக்குப் பெயர் வைப்பதுதான் பெரிய பேஜாரு. கிரகத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மனிதர்களுக்கு வைத்தால் ஒன்று சாமி பெயராகிவிடுகிறது, இல்லையென்றால் மாத்திரைப் பெயராகிவிடுகிறது. அதனால் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டேன். கேட்டுத்தான் எடுத்தேன்.

தேர்வாய் கண்டிகையில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனி. நான் மோனிகா, அங்கே குவாலிட்டியில் இருக்கிறேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் எழுதி, ஒரு செயலியில் வாரம் ஒரு அத்தியாயம் போடுவேன். கதையில் ஒரு விண்கப்பல் வேறொரு சூரியனுக்குப் போகிறது. முந்நூறு வருடப் பயணம். ஐயாயிரம் பேர் கண்ணாடிப் பெட்டிகளில் உறைந்து தூங்குகிறார்கள், கப்பலைப் பார்த்துக்கொள்ளச் சிலர் மட்டும் விழித்திருக்கிறார்கள். அந்தச் சிலர்தான் எங்கள் பஸ். முந்நூறு வருடமும் அவர்களுக்கு வயதாகக் கூடாதே என்று ஒரு ஊசி போட்டுவிட்டேன். அது எப்படிப்பட்ட ஊசி என்று ஒருவரும் கேட்டதில்லை, தங்கமான வாசகர்கள்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு லோகுவை ரேடாரில் உட்கார வைத்தேன். ஒரு அத்தியாயத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்ததாக எழுதிவிட்டு, நிஜத்தில் சமாதானப்படுத்த ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டியிருந்தது. மெயின்டனன்ஸ் ஃபிட்டர் பாக்கியராஜ் அண்ணனுக்கு அவர் பார்த்த வேலையையே கொடுத்தேன். கம்பெனியில் எந்த மிஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், கப்பலிலும் அப்படியே. அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அத்தியாயம் வந்த அன்றே வீட்டில் மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவாராம்.

போன மார்ச்சில் ஒரு காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவருக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பதுகூட ஆகவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர் சாவதற்கு வெகு முன்பே நான் அவரைக் கொன்றுவிட்டிருந்தேன். கடைசி அத்தியாயத்தில் கப்பலின் அணு உலை பழுதாகிறது. பாக்கியராஜ் தனியாக உள்ளே போய்ச் சரிசெய்து, எல்லோரையும் காப்பாற்றிவிட்டு, அங்கேயே கருகிச் சாகிறார். இதை இன்னும் செயலியில் போடவில்லை. முழுக்கதையையும் படித்திருந்த ஒரே ஆள் சென்னைப் பதிப்பாளர். எனக்கு இது முதல் புத்தகம், அவர் போடுவதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் இறந்த விஷயத்தைச் சொன்னதும் உச்சுக்கொட்டினார். பிறகு, “அந்தச் சாவுதான் மேடம் நாவலே. அதுல கை வெச்சிடாதீங்க” என்றார்.

முடிவை மாற்றலாமா என்று பஸ்ஸில் கேட்டிருக்கவே கூடாது, கேட்டுத் தொலைத்தேன். லோகு, அண்ணனைக் கதையிலாவது சாகவிடாதே என்றான். பின்சீட்டுக்காரர்கள், வீரமரணம் கொடு, புதுக் கிரகத்தில் சிலை வை என்றார்கள். இரண்டு கட்சியும் கத்திய கத்தலில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். என் கதைக்கு யூனியன் மீட்டிங்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்க வேண்டியவரையே கேட்டுவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிகிற நேரம் பார்த்துக் கவரைப்பேட்டையில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

அண்ணனின் மனைவி ஆரோக்கியமேரி அக்கா அப்போதுதான் கோவிலிலிருந்து வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். பழைய அத்தியாயங்களை அண்ணனின் போனிலேயே திரும்பத் திரும்பப் படிப்பதாகச் சொன்னார். இன்னாத்துக்கு வந்த, சொல்லு என்றார். சொன்னேன். அண்ணன் சாகிற முடிவு ஒன்று, தப்பிப் பிழைக்கிற முடிவு ஒன்று, எது வேண்டுமோ அதை எழுதுகிறேன் என்று ஏதோ பெரிய தர்மப்பிரபு மாதிரி சொல்லி முடித்தேன்.

அக்கா தன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்த அஞ்சாயிரம் பேரும் தூங்கிக்கினு இருக்காங்க இல்ல?”

“ஆமாக்கா.”

“இவரு மட்டும் இன்னாத்துக்கு முழிச்சிக்கினு இருக்காரு?”

மெயின்டனன்ஸ் ஆட்கள் தூங்கினால் கப்பல் என்னாவது, அது கப்பலின் விதி என்று விளக்கினேன். அந்த விதியை யார் போட்டது என்று கேட்டார். நான்தான் போட்டேன்.

“வானத்துல ஏது பகலு? முந்நூறு வருசமும் நைட் ஷிஃப்டு போட்டு வெச்சிருக்க. ஒரு நாளு லீவு குடுத்தியா அவருக்கு?”

எல்லா அத்தியாயங்களையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். பம்பு, வால்வு, குளிர்சாதனம், கதவு. கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில்கூட மற்றவர்கள் பாடுகிறார்கள், அவர் ஏணி மேல் நின்று விளக்கைச் சரிசெய்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“சாகவும் வேணாம், பொழைக்கவும் வேணாம். அந்த ஜனங்களோட அவரையும் படுக்க வெச்சிடு. ஊட்டுல ஞாயித்துக்கெழமகூட அவரு முழுசா தூங்குனதில்ல” என்றார் அக்கா.

உலையைச் சரிசெய்ய ஆள் இல்லாமல் ஐயாயிரம் பேரும் செத்துப்போவார்களே என்றேன், அறிவுகெட்டத்தனமாக. அது உன் பாடு, நீதானே எழுதுற என்று சொல்லிவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும் ரயிலில் அழுகை வந்தது. அக்காவுக்காக என்று சொன்னால் பொய், என் மேலேயே எரிச்சல். எட்டாத நட்சத்திரத்துக்கு வழி போடத் தெரிந்த எனக்கு, கூட வேலை பார்த்த ஒரு ஃபிட்டருக்கு லீவு போடத் தோன்றவில்லை. அவரை வேறு எப்படியும் நினைத்துப் பார்க்க எனக்கு வரவே இல்லை.

கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். பாக்கியராஜ் கையைக் கழுவுகிறார், ஒரு காலிப் பெட்டியில் ஏறிப் படுக்கிறார், மூடி இறங்குகிறது. அதற்கப்புறம்தான் அபாய மணி அடிக்கிறது. எல்லா அத்தியாயத்திலும் வசனம் மட்டுமே பேசிவந்த கேப்டன் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். எந்தப் பக்கம் திருகுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தப்பும் தவறுமாகத் திருகி, பாதி விளக்கு அணைந்து, கப்பல் எப்படியோ தப்பிக்கிறது. தூங்குகிறவரை யாரும் எழுப்பவில்லை.

பதிப்பாளர் படித்துவிட்டு, அவ்வளவு பெரிய ஆபத்தில் மெயின்டனன்ஸ் ஆள் தூங்குவான் என்பது நம்பும்படியாக இல்லை என்றார். முந்நூறு வருடம் சாகாத மனிதனை நம்பினவர்தான் அவர். பழைய முடிவை வைத்தால் போடுகிறேன் என்றார். வைக்கவில்லை. புத்தகமும் வரவில்லை. வருத்தம் இல்லையென்று சொல்லமாட்டேன், வயிறு இன்னும் எரிகிறது.

செயலியில் அத்தியாயம் வந்த அன்று சாயங்காலம் ஆரோக்கியமேரி அக்கா போன் செய்தார்.

“படிச்சேன் மோனி. அந்த மணி அடிக்குதே, அவருக்குக் கேக்குமா?”

“கேக்காதுக்கா. பெட்டி மூடியிருக்கு.”

“செரி” என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“கம்பெனியிலேந்து போன் வந்தா அவரு எழுந்துக்கவே மாட்டாரு, அப்படி அசந்து கெடப்பாரு. எப்பவும் நான்தான் தட்டி எழுப்புவேன்.”