வற்றிய நீச்சல்குளத்தில் கார் பந்தயம்

1.

இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது. மனதில் தானாக உதித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் போன வாரம் என் தம்பி மனைவி செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "இதப் பாருங்க அண்ணி" என்று காட்டாமல் இருந்திருந்தால், நான் இந்நேரம் வேறு எதையாவது எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

படத்தில் என்ன இருந்தது என்பதை இப்போதே சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், சிரிப்பு வராது. எனக்கு முதலில் நீங்கள் கொஞ்சம் சிரிக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை என் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

(மாலை வெயில் நீச்சல்குளத்தின் நீலத் தண்ணீரில் பொன்னாக உருகி

உருகியது போதும், அடித்துவிட்டேன். அந்தக் குளத்தில் தண்ணீர் கிடையாது. நீல ஓடுகளில் பாதி பெயர்ந்து கிடக்கின்றன. அங்கே அடிப்பது பொன்வெயில் இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். இதை என் கணவர் படித்தால் முதல் வரியிலேயே பென்சிலை எடுப்பார். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர்தான். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம், அவர் படிக்காமல் ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. கதையில் வரும் காதலைப் பற்றியோ சாவைப் பற்றியோ வாயைத் திறக்க மாட்டார். "மேற்க பாத்த ஜன்னல்ல காலைல எப்படி வெயில் விழும்?" என்று மட்டும் கேட்பார்.

இந்தக் கதையையும் அவர் படிப்பார். அதனால்தான் கை ஓடமாட்டேன் என்கிறது.

2.

என் கணவர் நில அளவையர். சர்வேயர் என்றால் சட்டென்று புரியும். மூன்று கால் ஸ்டாண்டில் கருவியைப் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊரார் நிலத்தையெல்லாம் அளப்பார். மூடிய ஆலை, கைவிட்ட கல்குவாரி, கட்டடம் வரப்போகிற பொட்டல் என்று யாரும் போகாத இடமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அளந்த இடத்துல எல்லாம் நின்னுட்டே வந்திருக்கேன். ஒரு தடவையாவது உக்காந்து விளையாடிட்டு வரணும்" என்றார் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விளையாட்டு என்றால் வீடியோ கேம். விடுமுறை நாட்களில் என் தம்பி வீட்டில் நாலு பேர் கூடுவார்கள். போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பி, அவன் சிநேகிதர் ஒரு பல் டாக்டர், கூரியர் வேன் ஓட்டும் இன்னொருவர். இவரை எல்லோரும் 'பார்சல்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாவது என் கணவர். வீட்டு மாப்பிள்ளையை எப்படி ஒதுக்குவது என்று சேர்த்துக்கொண்டார்கள். திரையை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு கட்டத்தில் கார் ஓட்டுவார்கள். என் கணவரின் கார் முதல் வளைவிலேயே வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். அவர் அதைத் திருப்புவதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்று முடித்திருப்பார்கள். "இந்த ரோட்டுல சாய்மானமே தப்பா இருக்கு" என்பார். ரோடு போட்டவரிடம் புகார் கொடுக்க வழியில்லை.

இந்த ஆட்டத்தைத்தான் வெளியே கொண்டுபோகத் திட்டம் போட்டார். ஒரு பெரிய டிவி, ஒரு பேட்டரி, நாலு மடக்கு நாற்காலி, யாரும் விளையாடாத ஓர் இடம். கார் நிறுத்தும் மாடிக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தார், காற்று டிவியைத் தள்ளியது. பழைய பஸ் பணிமனையைப் பார்த்தார், அங்கே நாய்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் கல்குவாரி முடிவாயிற்று, எல்லோரும் போனார்கள். திரையில் வெயில் பட்டால் எதுவும் தெரியாது, நிழல் இறங்கட்டும் என்றார். நிழல் இறங்கும்வரை, இப்போது தெரிகிறதா, இந்தப் பக்கம் திருப்பினால் தெரிகிறதா என்று டிவியைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். நல்ல நிழல் வந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது.

அந்த நாளைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்சல் மட்டும் வரும் வழியெல்லாம் வேனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தாராம்.

என் கணவர் சோர்ந்துபோகிற ஆளில்லை. அடுத்து, மூடிப்போன ஒரு நீச்சல் கிளப்பைப் பிடித்தார். அங்கே முன்பு அளக்கப் போனதில் வாட்ச்மேன் பழக்கம். வற்றிய குளத்தின் ஆழமான பக்கத்தில், மேற்குச் சுவரை ஒட்டி, மதியத்துக்கு மேல் நிழல் நகராமல் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்காகவே பல ஞாயிற்றுக்கிழமைகள் தனியாகப் போய்க் குளத்துக்குள் நின்றார். டிவி ஸ்டாண்டுக்கு ஒரு பெருக்கல் குறி, நாற்காலிகளுக்கு நாலு வட்டம் என்று சாக்பீஸால் தரையில் போட்டுவைத்தார். படம் வரைந்து போன் குழுவில் அனுப்பினார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவருக்கு வேலை வந்தது. தம்பிக்குக் காய்ச்சல், பார்சலுக்கு டபுள் ட்யூட்டி, பல் டாக்டருக்கு அவசரக் கேஸ்.*

"பாவம், வேலை ஜாஸ்தி அவங்களுக்கு" என்பார் என் கணவர்.

* அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை பல் வலிக்கு போனை எடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கே வலித்தபோதும் எடுக்கவில்லை.

3.

போட்டோ.

நீல ஓடுகள். மேற்குச் சுவர். நிழலில் டிவி, ஸ்டாண்டுக்கு அடியில் சாக்பீஸ் கோடு எட்டிப்பார்க்கிறது. நாலு வட்டத்தில் நாலு நாற்காலி. என் தம்பி, பல் டாக்டர், பார்சல். நாலாவது நாற்காலியில், தம்பி கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாலு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

"செம்ம ஜாலியா இருந்துச்சாம் அண்ணி. அண்ணனத்தான் படத்துல காணோம். அவர்தானே போட்டோ எடுத்தாரு?" என்றாள் தம்பி மனைவி. என் கணவரைக் கூப்பிடாமலே போனது அவளுக்குத் தெரியாது.

"ஆமா, அவர்தான்" என்றேன்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை அழகாக எழுத முடியவில்லை. விளையாடியதில்கூட இல்லை எரிச்சல். அவர் போட்ட வட்டத்தையாவது அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

4.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான்.

(தம்பி என்னைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தபடி

அவன் சிரிக்கவில்லை. கடையில் உட்கார்ந்து யாருடைய போனிலோ உடைந்த கண்ணாடியைச் சூடு காட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கீழே வைத்தான். வில்லனாக எழுத நான் எத்தனை முயன்றாலும் இவன் தம்பியாகவே வந்து நிற்கிறான்.

"நீ வருவேன்னு தெரியும்கா."

"தெரிஞ்சுமா செஞ்ச?"

"மாமாவப் புடிக்காம இல்லக்கா. மாமா வந்தா விளையாட முடியல. நடுவுல நிறுத்திட்டு டிவிய நேரா வைக்கறாரு. குவாரில ஒரு நாள் பூரா நின்னோம், நீ வந்து பாத்தியா?"

"இடம் அவர் கண்டுபிடிச்சதுடா."

"சூப்பரான இடம்கா. அவர் போட்ட மார்க்லயே வெச்சோம், ஒரு பொட்டு வெயில் அடிக்கல ஸ்க்ரீன்ல." மனதாரச் சொன்னான்.

"இத அவர்கிட்ட சொல்லேன். சந்தோஷப்படுவாரு."

"சொன்னா அடுத்த வாட்டி வந்துருவாரே."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. அவன் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது, அதுதான் கசக்கிறது. சாப்பிடும்போது அவர் சாய்மானம் பற்றி விளக்க ஆரம்பித்தால் நானும் 'உம்' கொட்டிக்கொண்டே வேறு எங்கோ போய்விடுகிறேன்.

எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். இடம் பார்ப்பார், வண்டி ஏற்பாடு செய்வார், குடிதண்ணீர் கேன் தூக்குவார். ஆட்டத்துக்கு வேண்டியதெல்லாம் தெரியும், ஆட மட்டும் தெரியாது. ஆட்டம் தொடங்கும் நிமிஷம் வரைக்கும் அவர் எல்லோருக்கும் வேண்டும். அதற்குப் பிறகு அவரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. கட்டுரையாக எழுதினால் இத்துடன் முடித்து, மனித இயல்பு என்று பெருமூச்சு விட்டிருப்பேன். ஆனால் இந்த ஆளுக்கு நான் சோறு போடுகிறேன், இவர் சட்டையை மடிக்கிறேன்.

5.

நேற்று அவர் குளத்துக்குப் போய்வந்தார். சாக்பீஸ் கோடு மங்கியிருக்கும், மறுபடி போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், திரும்பும்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கூடத்துக்கு வந்தார்.

"ஏய், யாரோ அங்க வந்து விளையாடிருக்காங்க."

"அப்படியா?"

"நாற்காலி கால் தேச்ச தடம் இருக்கு, சிப்ஸ் பாக்கெட் கிடக்குது. கரெக்ட்டா என் மார்க் மேலயே ஸ்டாண்ட வெச்சிருக்காங்க. பாத்த உடனே புரிஞ்சிருக்கு பாரு அவங்களுக்கு, எதுக்கு அந்த மார்க்னு."

அவர் முகத்தை நான் எப்படி எழுதுவேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நம்மள மாதிரியே யோசிக்கற ஆளுங்க இந்த ஊர்ல இருக்காங்க. அவங்களயும் கூப்பிட்டுக்கலாம். உன் தம்பி கேட்டா சந்தோஷத்துல குதிப்பான். இன்னிக்கு வாட்ச்மேன் லீவாம், நாளைக்குப் போயி யாருன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். சொல்லியிருக்க வேண்டும். பக்கம் பக்கமாக எழுதுகிறவளுக்கு ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

6.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. வாட்ச்மேன் சொல்கிறார்: "உங்க மச்சான்தான் சார் வந்தாரு. நீங்க அனுப்பிவிட்டதா சொன்னாரே." என் கணவர், "ஆமாமா, நான்தான் அனுப்பினேன்" என்கிறார். பிறகு வெறும் குளத்துக்குள் படியிறங்கிப் போய், அந்த நாலாவது

(முடியவில்லை. இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

ஆ. தம்பி வீட்டுக்கு வந்து, "மன்னிச்சிருங்க மாமா" என்கிறான். அடுத்த ஞாயிறு எல்லோரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். பத்திரிகைக்கு இதை அனுப்பலாம், உடனே போடுவார்கள். ஆனால் தம்பி வரமாட்டான். ஜெராக்ஸ் கடைக்காரர் நன்றாகக் கார் ஓட்டுகிறாராம்.

இ. அவருக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரியாததுபோல் நடிக்கிறார். எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அவருக்கு ஒரு கம்பீரம் கிடைத்துவிடும், தம்பி தப்பித்துவிடுவான், நானும் தப்பித்துவிடுவேன். யாருக்கும் செலவில்லை. ஆனால் நேற்று அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அவருக்குத் தெரியாது.

வாட்ச்மேன் வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது. எனக்கு நிச்சயமாகத் தெரிவது இது ஒன்றுதான்.

7.

சற்றுமுன் வாட்ச்மேனைப் பார்க்கக் கிளம்பத் தயாராகி வந்து, "கதை முடிஞ்சுதா? குடு, படிச்சுட்டுப் போறேன்" என்றார். ஆறாம் பகுதிவரை கொடுத்துவிட்டேன். வாயால் சொல்லத் துப்பில்லை, தாளாகக் கொடுத்திருக்கிறேன். அவரைக் கேட்காமல் அவருடைய குளத்தை எடுத்துக்கொண்டதில் நான் ஐந்தாவது ஆள் என்பதும் எனக்குத் தெரியும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறார். இந்தப் பக்கம் நான் இந்தத் தாளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"என்ன போட்டோ?" என்றார் முதலில்.

"படிங்க."

இரண்டாம் பகுதியில் சத்தமாகவே சிரித்தார். "பேட்டரி விஷயத்தையுமா எழுதுவ?" என்றார். கோபமில்லை, தன்னைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாளே என்று சந்தோஷம்தான். பிறகு நட்சத்திரக் குறிப்புக்கு வந்தார். அந்தப் பல் வலிக் குறிப்பை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அதற்கு அங்கே வேலை இல்லாமல் போயிருந்தது.

இப்போது மூன்றாவதில் இருக்கிறார். நீங்கள் அதை எப்போதோ தாண்டி வந்துவிட்டீர்கள். நீங்கள் அதைப் படிக்கையில் உங்கள் எதிரில் யாரும் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

பக்கம் புரள்கிறது. நாலாவது. தம்பி சொன்னதெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. நான் 'உம்' கொட்டுவதும் இருக்கிறது. அதை அடித்திருக்கலாம், அடிக்கவில்லை.

ஐந்தாவதை வேகமாகத் தள்ளிவிட்டார். தன் முகத்தைப் பற்றிப் படிக்க யாருக்குப் பிடிக்கும். ஆறாவதில், பாதியில் விட்ட அந்த வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

தலை நிமிரவில்லை. "இதுக்கப்புறம்?" என்கிறார்.

இந்தத் தாளுக்காகக் கையை நீட்டுகிறார். கீழே பாதித் தாள் காலியாக இருக்கிறது. அவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். கை நீட்டியபடியே இருக்கிறது.