நீலம் படுத்துக்கொண்ட கடைசிப் பக்கம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உங்களுக்காக எழுதவில்லை. அலமாரிக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பாரசீகப் பூனைக்குட்டிக்குப் படித்துக் காட்ட எழுதினேன். எழுதச் சொன்னவர் என் அண்ணி.

அண்ணி வீட்டிலேயே சாதிப்பூனை வளர்த்து, குட்டிகளை மனிதர்களோடு பழக்கி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பவர். தெருவில் 'பூனையம்மா' என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில்தான். நான் அடுத்த தெருவில் வெட்டியாக, மன்னிக்கவும், எழுத்தாளனாக இருக்கிறேன்.

2.

(தொடக்கம், முதல் முயற்சி: "மாலை வெயில் ஜன்னல் கம்பிகளில் கசிந்துகொண்டிருந்த வேளையில், அவள்..." வேண்டாம். வெயிலைக் கவனிக்க அண்ணிக்கு ஏது நேரம்?)

ஃப்ரிட்ஜ் கதவில், குட்டிகள் எதற்கெல்லாம் பயப்படாமல் பழகிவிட்டன என்று காட்டும் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. நான்கு குட்டிகளுக்கும் கழுத்து நாடாவின் நிறமே பெயர்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். மிக்சி சத்தம், அழைப்பு மணி, குடை விரிப்பது, நகம் வெட்டுவது, சீப்பு, கூடைப் பயணம் என்று எல்லாவற்றுக்கும் நேரே நான்கு டிக். 'ஆண் குரல்' என்ற வரியில் மட்டும் மூன்று. கூரியர்காரர் வாசலில் இருமினாலே நீலம் அலமாரிக்கு அடியில் போய்விடும்.

போன ஈற்றில் இப்படி ஒரு குட்டியை அண்ணி, போகப் போகச் சரியாகிவிடும் என்று கொடுத்துவிட்டார். ஆண்கள் ஐந்து பேர் இருந்த வீடு. குட்டி நாலு நாள் கட்டிலுக்கு அடியிலேயே பட்டினி கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது.*

"இன்னொன்னு அப்படித் திரும்பி வந்துச்சுன்னா இந்த வேலையையே விட்டுடறேன் தம்பி," என்றார் அண்ணி. "குட்டிங்களுக்குப் பன்னெண்டு வாரம் முடியற ஞாயித்துக்கிழமை ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருத்தர் வர்றாரு. நீலத்தைத்தான் கேட்டிருக்காரு. அவரு பேசினா ஊருக்கே கேக்கும். நீங்க தினமும் வந்து அதுக்குக் கதை படிங்க."

"என்ன கதை அண்ணி?"

"அதைப் பத்தியே ஒன்னு எழுதுங்க. உங்க கதையைத்தான் யாரும் படிக்கறதில்லையே, அதாவது கேக்கட்டும்."

(* இப்போது அது அடுப்படியில் கொழுத்துக் கிடக்கிறது. என்னை மதிப்பதே இல்லை.)

3.

ஒளிந்துகொண்டே இருக்கும் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கதை நகர்த்துவது? ஒரு வாரம் படித்தேன். இலக்கியக் கூட்டத்தில் படிப்பதுபோலத் தழுதழுத்த குரலில், ஒரு கண் தாளிலும் ஒரு கண் அலமாரிக்கு அடியிலுமாக. நீலம் அசையவே இல்லை.

"கேக்குதா கேக்குதான்னு அதையே முறைச்சுப் பாத்தா எப்படி வரும்?" என்றார் அண்ணி. "அதைக் கண்டுக்காம உங்க வேலையைப் பாருங்க."

(இருபது வருடமாக எழுதுகிறேன். என்னை இவ்வளவு சரியாக எந்த விமர்சகரும் பிடித்ததில்லை.)

மறுநாள் முடிவை எழுதி எடுத்துப்போனேன். இரண்டு பக்கம். அதில் நீலம் வெளியே வரவில்லை. அண்ணி அட்டவணையைக் கிழித்துப் போடுகிறார்.

"ஏன் தம்பி, உங்க கதையில யாருமே நல்லா இருக்கக் கூடாதா?"

"சோகமா முடிஞ்சாத்தான் அண்ணி மனசுல நிக்கும்."

"என் மனசு என்ன பஸ் ஸ்டாண்டா, சோகமெல்லாம் வந்து நிக்கறதுக்கு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாள்களைத் தரையில் பரப்பி, வாக்கியம் வாக்கியமாகக் கத்திப் படித்து வாதாடினேன். நீலத்தை அடியோடு மறந்துபோனேன். "காலிக் கூடை வாசலில்..." என்ற இடத்தில் மேற்கொண்டு எழுத்து தெரியவில்லை. எழுத்தின்மேல் நீலம் உட்கார்ந்திருந்தது.

"நிறுத்தாதீங்க," என்று அண்ணி உதட்டை மட்டும் அசைத்தார்.

அன்றிலிருந்து நீலம் அந்த இரண்டு தாள்களின்மேல்தான் தூங்கியது. அப்படியும் அண்ணி டிக் போடவில்லை. "உங்களைச் சேத்துக்கிச்சு, சரி. கண்டக்டரையும் சேக்கணுமே," என்றார்.

4.

ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுபெற்ற கண்டக்டர் "வணக்கம்மா!" என்றதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தாளில் படுத்திருந்த நீலம் ஒரே பாய்ச்சலில் அலமாரிக்கு அடியில். அண்ணிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

(நானாக இருந்தால் கதையை இங்கேயே முடித்திருப்பேன். இன்னொரு முடிவும் கைவசம் இருந்தது: கண்டக்டர் நீலத்தை விட்டுவிட்டு வேறு குட்டியை... அதுவும் வேண்டாம்.)

அண்ணி தாள்களை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "கீழ உக்காருங்க. குட்டி பக்கம் பாக்காதீங்க. இதைப் படிங்க, உங்க குரல்லயே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முப்பது வருடம் நிறுத்தங்களைக் கூவிய குரல் என் கதையையும் அப்படியே கூவியது. முதல் பக்கம் முடியும்போது ஒரு மூக்கு தெரிந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் வாலும் வெளியே வந்தது. நான் உயிரைக் கொடுத்து எழுதிய சோக வரிக்கு வந்து சேர்ந்தார்.

"நீலம்! கடைசி வரைக்கும்! வெளியே! வரவில்லை!"

நீலம் அவர் மடியில் ஏறித் தாளின்மேல் சுருண்டுகொண்டது.

"ஏம்மா, வரலன்னு போட்டிருக்கு. இது வந்துடுச்சே?"

"எழுதினவரு தப்பா எழுதிட்டாரு," என்றார் அண்ணி என்னைப் பார்த்து. கண்ணில் தண்ணீர், வாய் கொள்ளாத சிரிப்பு. ஃப்ரிட்ஜுக்குப் போய் டிக் போட்டார். பேனா அழுத்தத்தில் அட்டவணையே ஓட்டையாகிவிட்டது. எனக்கு அத்தனை சந்தோஷம், என் முடிவு தோற்றதில்.

5.

புது வீடு போகும் குட்டியோடு, பழகிய வாசனைக்காக ஒரு துணி அனுப்புவது அண்ணியின் வழக்கம். நீலம் துணியைச் சீந்தவில்லை. அதனால் தாள்கள்தான் கூடையில் போயின. பிரதி எதுவும் நான் எடுத்து வைக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கண்டக்டரின் போன். "குட்டி நல்லா சாப்பிடுது, மடியை விட்டு இறங்க மாட்டேங்குது. ஆனா அந்தக் கதை ரொம்ப மோசங்க. தினமும் முடிவை மாத்தித்தான் படிச்சுக் காட்டறேன்."

"எப்படி மாத்தறீங்க?" என்று கேட்டேன்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

குரலுக்குப் பின்னால் நீலத்தின் 'குர்ர் குர்ர்' சத்தம் கேட்டது. அண்ணி போனை என்னிடமிருந்து பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டு, அடுத்த ஈற்றுக்குப் புதிதாக ஒன்றை ஒட்டினார். கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது: 'மோசமான கதை'.

6.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துச் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் யாராவது ஒளிந்திருந்தால், அந்தப் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள்.