பீப்பாயின் உள்பக்கம்

கிளெம் வொய்ச்சிக் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அரை மணி நேரமாகக் குனிந்திருந்த கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். மேல்மூடி வெட்டியெடுத்த எவர்சில்வர் பீர்ப் பீப்பாய் ஒன்று எதிரே இரண்டு மரக்கட்டைகளின் மேல் படுத்திருந்தது. அதன் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு மரைக்குழாயை அப்போதுதான் பற்றவைத்து முடித்திருந்தார். அதில் ஒரு திருகுகுழாய் மாட்டிவிட்டால், முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் சாற்றை ரப்பர்க் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்க வேண்டியதில்லை.

ஆர்லீன் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியைப் பீப்பாய்க்குள் நீட்டிப் பார்த்தாள்.

"வெளியே கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. உள்ளே வந்து மாமியாரைப் பாருங்க."

கிளெம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பற்றவைத்த இடத்தின் பின்பக்கம் அடிப்பிடித்த பாகு போலக் கறுத்து, பொருபொருவென்று பூத்திருந்தது. வெல்டர்கள் அதைச் சர்க்கரை என்பார்கள். பழுத்த உலோகத்தின் முதுகில் காற்றுப் பட்டால் அப்படி ஆகும். காற்றுப் படாமலிருக்க ஆர்லீன் உள்ளே அலுமினியத் தாளை ஒட்டி, ஆர்கான் வாயுக் குழாயைச் செருகிக் கொடுத்திருந்தாள். அவர் பாதியிலேயே அந்தக் குழாயின் திருகை மூடியிருந்தார். சிலிண்டர் அவளுடையது.

"என் கேஸுக்குப் பாவம் பாத்தீங்களா? இரும்புன்னா பின்பக்கத்தை யாரும் பாக்கப் போறதில்ல. இங்க பாலும் பீரும் பின்பக்கத்துலதான் ஓடுது. இந்தப் பொருக்குல அழுக்கு குடியிருந்தா எல்லாம் புளிச்சுப் போயிடும். தேய்ச்சுட்டுத் திரும்பப் போடுங்க."

மில்வாக்கியின் தென்பகுதியில் பனி உருகாமல் கிடந்த எண்பத்து மூன்றாம் வருடத்துத் தவக்காலம் அது. கிளெம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த டிராக்டர் தொழிற்சாலை, முந்தைய இலையுதிர்காலத்தில் கதவை மூடியிருந்தது. அவரோடு வேலை போன மூன்று பேர், மதுக்கடைக்குப் போகக் கட்டுப்படியாகாமல், சனிக்கிழமைகளில் அவர் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். அதை வீட்டில் காய்ச்சலாம் என்று சட்டம் வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. மனைவி பெர்னிஸ் கோயில் அடித்தளத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குப் பாத்திரம் கழுவும்போது, பக்கத்தில் நின்று கழுவிய, பால் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் ஆர்லீனிடம் பீப்பாய் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த நாள் காலை ஆர்லீன் தன் வண்டியில் வெல்டிங் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். காசு வாங்க மாட்டாள். பெர்னிஸ் சுடும் கசகசா ரொட்டியில் ஒரு சுருள் போதும்.

பல வருடங்களுக்குப் பிறகும் கிளெமுக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் ஞாபகத்தில் நின்றன. கூரையில் பனி வழுக்கி விழும் சத்தம், ரேடியோவில் போல்கா நடன இசை, மால்ட் கொதிக்கும்போது கொட்டகை முழுக்கப் பரவும் கஞ்சி வாசனை. ஐம்பத்து மூன்று வயதில், பதினைந்து வருடம் இளையவள் ஒருத்தியிடம் திட்டு வாங்கிக்கொண்டு கை பழகியது. டிராக்டர் சட்டத்தில் அவர் போட்ட வெல்டிங் விரல் கனம் இருக்கும். இதற்கோ எழுதுகோலைப் பிடிப்பது போலப் பிடித்து, மூச்சை அடக்கி, கம்பியைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

நாலாவது வாரம் பீப்பாய்க்குள் பற்றவைத்த இடத்தைச் சுற்றிச் செந்நிறத் துருப்புள்ளிகள் பூத்தன. பீரில் ஆணியை நக்கிய ருசி வந்தது. நண்பர்கள் அதற்கு டிராக்டர் பீர் என்று பெயர் வைத்து, கண்ணீர் வரச் சிரித்தார்கள். எவர்சில்வர் எப்படித் துருப்பிடிக்கும் என்று கிளெமுக்குப் புரியவில்லை. ஆர்லீன் சுற்றிலும் பார்த்துவிட்டு, தேய்த்த பிரஷ்ஷைக் காட்டச் சொன்னாள். மரப்பிடி கறுத்துப்போன கம்பி பிரஷ். தொழிற்சாலையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான்.

"இருபத்திரண்டு வருஷத்து இரும்புத்தூள் இதுல இருக்கு. அதை எடுத்து இது மேல பூசியிருக்கீங்க."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மேற்கொண்டு கேலி செய்யவில்லை. தன் பையிலிருந்து எவர்சில்வர்க் கம்பி பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பழையதை எறியச் சொல்லவும் இல்லை. புள்ளிகளைச் சுரண்டி எடுக்க அன்று மதியம் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் படி மே மாதத்தோடு நின்றுவிடும். அதன் பிறகு வீட்டை விற்றுவிட்டு, பெர்னிஸின் தம்பி இருக்கும் டெக்சாஸுக்குப் போக வேண்டியதுதான் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். பெர்னிஸ் அந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றவள். ஒரு பிள்ளையை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். இதை யாரோ சொல்லி ஆர்லீனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள், பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"எங்க பட்டறையில வெல்டர் ஒருத்தர் எடுக்கறாங்க. பால் தொட்டி வேலை. போய்ப் பாருங்க."

"நீ எழுதிப் போடலையா?"

"எட்டு வருஷமா போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அங்கே அவள் பெயர் உதவியாள் பட்டியலில் இருந்தது. தேய்க்கிறவள், மெருகு போடுகிறவள். உன் இடத்துக்கு நான் எப்படிப் போவது என்று கிளெம் தயங்கினார்.

"நீங்க போகலன்னா எவனோ ஒருத்தன் வரப் போறான். எனக்குத் தரப் போறதில்ல. தெரிஞ்ச மனுஷர் வந்தா நல்லதுதானே? பெர்னிஸும் இங்கயே இருப்பாங்க."

தேர்வில் அவர் பற்றவைத்த குழாயை ஃபோர்மன் ஹார்வி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார். உள்ளே சர்க்கரையே இல்லாமல் வெள்ளியாய், ஓரத்தில் வைக்கோல் நிறம் மட்டும் லேசாகப் படர்ந்திருந்தது. டிராக்டர் ஆளுக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று ஹார்வி கேட்டார்.

"உங்க ஆர்லீன்தான் கத்துக் கொடுத்தா."

ஹார்வி சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"உதவியாள் பட்டியல்லேருந்து தேர்வுக்குக் கூப்பிடறதில்ல, கிளெம். நானா எழுதினேன் அந்த விதியை?"

பிறகு இழுப்பறையிலிருந்து 31 என்று எண் வெட்டிய எஃகு முத்திரையை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண். யார் போட்ட வெல்டிங்கோ, அதன் பக்கத்தில் அவர் எண்ணைச் சுத்தியலால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் பெர்னிஸ் அவரை ஆறு மணிப் பூசைக்கு அழைத்துப்போனாள். நன்றிக்கு ஒன்று, ஆர்லீனுக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள்.

பட்டறையில் லாரியளவு நீளத்துக்கு ஒரு பால் தொட்டி நின்றது. உள்பக்க இணைப்பு ஒன்று பாக்கி. ஆள் நுழையும் துவாரத்தில் ஆண்கள் யாருடைய தோளும் நுழையாது. ஆர்லீன் இரு கைகளையும் முதலில் விட்டு, தோளைச் சாய்த்து, உடம்பைத் திருகி உள்ளே போனாள். மூச்சுக்குக் காற்றூதும் குழாயை ஹார்வி பின்னாலேயே தள்ளினார். ஒரு மணி நேரம் துவாரத்திலிருந்து நீல வெளிச்சம் வந்தது. பிறகு நின்றது. ஹார்வி விளக்கடித்துப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அந்த இணைப்புக்கு நேராகத் தொட்டியின் வெளிப்பக்கத்தைக் காட்டி, கிளெமிடம் சுத்தியலை நீட்டினார்.

"இங்க உன் நம்பரை அடி."

"இது நான் போட்டதில்லையே."

"இவ வெல்டிங்குக்குப் போன மாசம் வரைக்கும் ஏர்ல் தன் நம்பரை அடிச்சான். அவன் ரிட்டயர் ஆயிட்டான். நம்பர் இல்லாம இன்ஸ்பெக்டர் தொட்டியை வாங்க மாட்டார்." ஹார்வி குரலைத் தணித்தார். "முதல் நாள். யோசிச்சுக்கோ."

கிளெம் சுத்தியலை வாங்கிக்கொண்டார். குனிந்து துவாரத்துக்குள் பார்த்தார். அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு, வியர்வையில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அடிங்க கிளெம். லாரி காத்துக்கிட்டிருக்கு."

"ஆர்லீன்..."

"பெர்னிஸை நினைச்சுக்கிட்டு அடிங்க. இருங்க, ஒரு நிமிஷம். உள்ளே மணி அடிச்ச மாதிரி அதிரும்."

அவள் பளபளக்கும் அந்த வளைவில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை மடக்கி உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு, அடிக்கலாம் என்று தலையசைத்தாள்.