படகுக்காரி வீட்டு ஜன்னல்

1

"செஞ்சு முடிச்சிட்டாங்கன்னா ஏன் மாமா குடுக்க மாட்டேங்கறாங்க?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. கேட்டவள் என் தங்கையின் மகள், வயது ஆறு. என் கைப்பேசியில் அவள் விளையாடும் ஏரி விளையாட்டில் புதிய பகுதி ஒன்று வரப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. கீழே 'இன்னும் பத்து நாள்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அது போகவில்லை.

"காத்திருந்தா சந்தோஷம் கூடும் கண்ணு" என்றேன்.

"எனக்கு இப்ப இருக்கற சந்தோஷமே போதும்" என்றாள்.

இதைவிட நல்ல பதிலாக யோசித்துச் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். எனக்கு எழுதாமல் யோசிக்கத் தெரியாது. அதனால் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: ஏரிக்கரையில் ஒரு வீடு. கதவு பூட்டியிருந்தது. ஆனால் ஜன்னலில் வெளிச்சம்...

[இதை அடித்துவிட்டேன். வீட்டுக்குள் யார் என்று எனக்கே தெரியவில்லை. ஆளில்லாத வீட்டில் விளக்கேற்றி வாசகரை உள்ளே இழுப்பது எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம்.]

இரண்டாம் தொடக்கம்: எதிர்பார்ப்பு என்பது மனித மனத்தின்...

வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.

மூன்றாவது: அவளுடைய வேலை, ஆவலைக் கிளப்புவது.

சரி, இதையே வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது மாடியில் பதினாலு பேர் வேலை பார்க்கும் ஒரு விளையாட்டு நிறுவனம். மற்றவர்கள் விளையாட்டைச் செய்வார்கள். அதை வெளியிடும் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் காட்டுவது அவள் பொறுப்பு. திங்கட்கிழமை துடுப்புச் சத்தம் மட்டும் வரும். செவ்வாய்க்கிழமை, பாதி நனைந்த ஒரு கயிற்றின் படம். வியாழக்கிழமை, பன்னிரண்டு விநாடி டீசர். எதைக் கேட்டாலும் 'இன்னும் பத்து நாள்' என்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பத்துநாள்.

"பத்துநாள், டீ குடிக்க வர்றியா?"

"இன்னும் பத்து நிமிஷம்."

(எனக்கு இந்தத் தொழில் தெரியாது. எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் இப்படி ஓர் இடத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "டீசர்ல காட்டறதெல்லாம் கடன்தான் சார். ஜனங்ககிட்ட ஆசையை முன்னாடியே வாங்கிக்கறோம், அப்புறம் திருப்பிக் குடுத்துத்தானே ஆகணும்?" என்றாள். இந்த வாக்கியத்தை என்னுடையதாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். மனசு கேட்கவில்லை.)

3

வியாழக்கிழமை டீசரில் அந்தி நேரத்து ஏரி. கரையில் ஒரு வீடு. விளையாடுகிற எல்லோருக்கும் அந்த வீடு தெரியும். அது படகுக்காரியின் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால், விளையாட்டின் கதைப்படி, அவள் படகைக் கட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டாள். அன்றிலிருந்து வீடு இருட்டிக் கிடந்தது. இந்தப் பன்னிரண்டு விநாடியில் இரண்டு விநாடி மட்டும் அதன் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது.

முதலில் பார்த்தவர் ஒரு தையற்காரம்மா. தினமும் ஊசியில் நூல் கோக்கிற கண், தப்புமா? ரசிகர்கள் கூடிப் பேசும் பக்கத்தில் இரண்டே சொல் எழுதினார்: "அவ வந்துட்டா."

மறுநாள் காலைக்குள் நாலாயிரம் பதில்கள். கதையைக் கட்டியவர்கள், சண்டை போட்டவர்கள், சந்தோஷத்தில் அழுதவர்கள். ஒருவர் மட்டும் எழுதினார்:

"அக்கா, விளக்கை அணைக்க மறந்திருப்பாங்க. நான்கூட வீட்ல தினமும் மறக்கறேன். எந்தப் படகுக்காரியும் வந்து எட்டிப் பாக்கல."

"உங்க வீட்டுக்கு எவ தம்பி வருவா?" என்றார் தையற்காரம்மா.

அந்தத் தம்பியை எல்லோரும் சேர்ந்து ஓட்டினார்கள்.

[பாவம். நாலாயிரம் பேரில் அவர் ஒருவர் சொன்னதுதான் சரி.]

4

வெள்ளிக்கிழமை காலை ஒளிக்காரர் அவள் மேசைக்கு வந்தார். விளையாட்டில் வெளிச்சம் அமைப்பது அவர் வேலை. நட்சத்திரம், தெருவிளக்கு, தண்ணீரில் விழும் நிலா எல்லாம் அவர் கை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, அது நான் அணைக்க மறந்த விளக்கும்மா."

"எது அண்ணா?"

"அந்த ஜன்னல்தான். தண்ணியில வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்க ஒரு சோதனை விளக்கு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். உள்ள ஒண்ணுமே கிடையாது. வெளிய நின்னு பாக்கத்தான் அது வீடு."

அவள் திரும்பி மேலாளர் அறையைப் பார்த்தாள். காரணம் இருக்கிறது. போன வருடம் விளையாட்டுக் கதையின் முடிவைக் காட்டும் படம் ஒருநாள் முன்னாலேயே வெளியே போய்விட்டது. தவறான படத்தை அனுப்பியது பத்துநாள்தான். அந்த நாற்காலிக்கு வந்து அப்போது அவளுக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. மேலாளர் கத்தியபோது அவள் வாயைத் திறப்பதற்குள் ஒளிக்காரர் சொன்னார்: "நான்தான் சார் ஃபைலை மாத்தி வெச்சிட்டேன்." இன்னொரு தவறு நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேலாளர் அவரை எச்சரித்தார். அவள் நன்றி சொல்லப் போனபோது, "பேனா இருக்கா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

(இவ்வளவு நல்லவர் உண்டா என்று எனக்கே சந்தேகம். ஒரு குறை சேர்த்துப் பார்க்கிறேன்: மற்றவர்கள் மேசை டிராயரில் இருக்கும் பிஸ்கட்டை எடுத்துத் தின்பார், கேட்டால் மறுப்பார். இப்போது நம்ப முடிகிறது.)

"சாப்பிட்டு வந்ததும் சார்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்" என்றார். "என் வேலை போனா போகுது. இத்தனை பேரை ஏமாத்தக் கூடாது."

"அவசரப்படாதீங்க அண்ணா."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் நாள் கேக்கறதே பொழப்பாப் போச்சு" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

5

எனக்கும் இங்கே கை ஓடவில்லை. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. 'அது எங்கள் தவறு, வீட்டில் யாருமில்லை' என்று அவளே அறிவித்துவிடுகிறாள். தையற்காரம்மா அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைத் துணிக்கு அடியில் கவிழ்த்து வைக்கிறார். ஒளிக்காரர் தன் கோப்பையைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு... 

[நிறுத்திவிட்டேன். உண்மைதான், ஆனால் அதற்கு விலை கொடுப்பது வேறொருவர்.]

முடிவு ஆ. மேலாளரிடம் போய், "விளக்கை நான்தான் வைக்கச் சொன்...

[இதுவும் வேண்டாம். என் கதையில் நல்லவர்கள் பொய் சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. போன வருடம் ஒளிக்காரர் சொன்ன ஒரு பொய்யை விழுங்கவே நாலு நாள் ஆயிற்று.]

இப்படி நான் முழித்துக்கொண்டிருந்தபோது, ஒளிக்காரர் தன் இடத்துக்குப் போன பிறகு, மேலாளர் தானாகவே கதைக்குள் நடந்து வந்தார்.

"பத்துநாள்! ஜன்னல்ல விளக்கு! யார் மூளைம்மா இது? என் மச்சான்கூட போன் பண்ணிக் கேக்கறான். உள்ள என்ன வெச்சிருக்க?"

"இன்னும் வைக்கல சார்."

"எனக்கே டீசரா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "சரி, சொல்லாத. சொன்னா சுவாரஸ்யம் போயிடும். திங்கக்கிழமைக்குள்ள வெச்சு, சோதிக்கறவங்க கையில குடுத்துடு."

அவள் சொன்னது பொய்யா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பொய்யில்லை.

6

இன்று காலை தங்கை மகளிடம் பதில் சொன்னேன். "அவங்க இன்னும் செஞ்சு முடிக்கல கண்ணு. முடிஞ்ச மாதிரி காட்டிட்டாங்க. காட்டினதை நெசமாக்கத்தான் நாள் கேக்கறாங்க."

"அப்படின்னா நான் சத்தம் போடாம இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை மெல்ல மேசையில் வைத்தாள்.

காத்திருப்பதைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

7

அதே வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளை. எல்லோரும் கீழே சாப்பிடப் போய்விட்டார்கள். அறையில் பத்துநாள் மட்டும்.

அவள் இந்த நாற்காலிக்கு வருமுன் இதே விளையாட்டுக்கு முக்காலியும் கரண்டியும் லாந்தரும் செய்துகொண்டிருந்தவள். கை மறக்கவில்லை. வெறும் வீட்டுக்கு உள்ளே நாலு சுவர் எழுப்பிவிட்டாள். ஒரு மேசை. அதன்மேல் பாதி தைத்த துணி, குத்திய ஊசியோடு. பக்கத்தில் ஒரு சீட்டு: 'வந்துட்டேன். அக்கரைக்குப் போயிருக்கேன். உக்காருங்க.' இத்தோடு விளக்கையும் வைத்துவிட்டால் வெளிச்சத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். தையற்காரம்மா சொன்னது நிஜமாகிவிடும். ஒளிக்காரருக்கு ஒப்புக்கொள்ளத் தவறு எதுவும் மிஞ்சாது.

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சொன்னால் அவர், 'எனக்காக வேண்டாம்' என்று மறுநிமிடமே மேலாளர் அறைக்குப் போய்விடுவார். அவர் அவளை நன்றி சொல்ல விடவில்லை. அவளும் அவரை நன்றி சொல்ல விடப்போவதில்லை.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம். யாரும் பார்க்காமல் செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். நீங்களும் நானும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது முறையில்லை. வாருங்கள், வெளியே போகலாம். கடவுளை வெளியே வரச் சொல்ல நமக்கு வாயில்லை. அவர் இருந்துகொள்ளட்டும். கதவை மெல்லச் சாத்துங்கள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா? ஒளிக்காரர்தான். இன்று சீக்கிரமே சாப்பிட்டுவிட்டார். ஒரு கையில் டிபன் டப்பா, சட்டைப் பையில் யாருடையதோ பிஸ்கட். மேலாளரிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறார். உள்ளே போய்த் தன் ஃபைலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பு.

இதற்குமேல் என்னால் ஆகாது. எழுதுகிறவன் படியில் இறங்கிப் போய் ஒருவரை மறிக்க முடியாது. உங்களால் முடியும். ஐந்து நிமிடம் போதும். தண்ணீரில் நிலா எப்படி விழும் என்று கேளுங்கள், அதைக் கேட்டால் அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் விளக்க ஆரம்பித்துவிடுவார். பிஸ்கட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவுக்குப் பின்னால் நாற்காலி மெல்ல நகரும் சத்தம். அவள் இப்போது விளக்கை மேசைமேல் வைத்துக்கொண்டிருக்கலாம்.

நாம் பார்க்கவில்லை.