சிறில் ஊற்றிய சுடுதண்ணீர்

அடுப்பில் கேத்தல் மூடி தடதடவென்று ஆடியது. சிறில் அதைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குப் பின்னால் இருந்த கோழிக்கூட்டுக்குப் போனான். வாளியில் கிடந்த தீனியின்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கம்பால் கிண்டினான். ஆவி குப்பென்று எழுந்து பனிமூட்டத்தோடு கலந்தது. இலங்கை மலைநாட்டு நோர்வூட்டில் தை மாதத்து விடியற்குளிர் கோழிகளையும் விடுவதில்லை. நாற்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"சூடா சாப்புடுங்க, தாயீ" என்றான் அவற்றிடம்.

கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய அவன் மனைவி சுகிர்தம் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, சுடுதண்ணி ஊத்தாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? அந்தப் பவுடரு சூடு தாங்காது. பச்சத்தண்ணியில பெசஞ்சு வைங்க, போதும்."

"சரி சரி, நீ கெளம்பு. பெரட்டுல பேரு கூப்புடுற நேரமாச்சு."

அவள் படியிறங்கியதும் கேத்தலில் மிஞ்சியதையும் ஊற்றி முடித்தான்.

சிறில் கெட்டவனல்ல. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கும் டிரையருக்கு முன்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்பவன். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. மனைவி எது சொன்னாலும் "சரி" என்பான். அந்தச் "சரி"யோடு அவள் சொன்ன விஷயம் செத்துப்போகும். அவ்வளவுதான்.

கோழி வளர்ப்பு சுகிர்தத்தின் முயற்சி. தீனி மூட்டை விலை ஏறிக்கொண்டே போனதும், கால்நடை அதிகாரி ஷாமிலா நடத்திய வகுப்புக்கு லயத்துப் பெண்கள் ஒன்பது பேரோடு அவளும் போய்வந்தாள். சோளத்தைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டி வீட்டிலேயே தீனி கலக்கலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். தவிட்டில் சத்து உண்டு, ஆனால் அதில் பாதியைக் கோழிக் குடலால் பிரித்தெடுக்க முடியாது. அதைப் பிரித்துக்கொடுக்கத்தான் நொதியப் பவுடர். ஒரு மூட்டைத் தீனிக்கு ஒரு சின்னக் கரண்டி போதும்.

"நொதியமா? கோழிக்குப் பாடம் நடத்தப் போறியா?" என்று சிறில் அன்றைக்கே சிரித்தான்.

சுகிர்தம் ஞாயிறுதோறும் தீனியைக் கலந்து வைத்தாள். காலையில் அதைப் பிசைந்து வைப்பது, மத்தியான வேலைக்குப் போகும் சிறிலின் பொறுப்பு.

மூன்று வாரத்தில் நிலைமை மோசமானது. கோழி எச்சம் பிசுபிசுவென்று தண்ணீராகப் போனது. முப்பத்திரண்டு முட்டை கிடைத்த கூட்டில் இருபதுதான் கிடைத்தது. ஓடும் மெலிந்துபோய், எடுக்கும்போதே சில சிறிலின் கையில் உடைந்தன. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு, வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு ஒரு முட்டை தருவதாகச் சுகிர்தம் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வெள்ளி, பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதி முட்டைதான் கிடைத்தது. அன்று மாலை அவள் கோழிக்கூட்டின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தாள்.

"மத்த ஒம்பது பேரு வீட்டுலயும் நல்லாத்தான் போடுதாம். நம்ம வீட்டுல மட்டும் ஏன்?" என்றாள்.

சிறிலுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. யாரோ தன் மனைவியை ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அவளிடம் சொல்லாமல் பவுடர் பக்கற்றை எடுத்துக்கொண்டு நோர்வூட் பஜாருக்குப் போனான். தீனிக்கடை செல்லசாமியின் மேசைமேல் அதைத் தூக்கிப் போட்டான்.

"படிப்பில்லாத பொம்பளைங்கன்னு கோதுமை மாவ அடைச்சு விக்கிறியா? ஒன்னய நம்பித்தான வாங்குனாங்க?"

கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். செல்லசாமி பதறவில்லை.

"அண்ணே, இதே பெட்டியிலதான் பத்துப் பேருக்கும் குடுத்தேன். சத்தம் போடாதீங்க. மிஸ்கிட்டயே கேட்டுருவோம்" என்று ஷாமிலாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

ஷாமிலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தீனிய எப்படிப் பெசையிறீங்க, அண்ணே?" என்றாள்.

சிறில் நெஞ்சை நிமிர்த்தினான். "அதுல ஒரு கொறையும் கெடையாது, மிஸ். நல்லாக் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி ஊத்தித்தான் பெசையிறேன்."



"அண்ணே, அவ்வளவு சூடு பட்டா நொதியம் கெட்டுப்போகும். அப்பறம் வெறுந்தவிடுதான் மிஞ்சும். இத உங்க வீட்டு அக்கா சொல்லலியா? வகுப்புல மொதல்ல புரிஞ்சுக்கிட்டது அவங்கதான். மத்த ஒம்பது பேருக்கும் அவங்கதான் எடுத்துச் சொன்னாங்க."

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிறில் பக்கற்றை எடுத்துப் பைக்குள் வைத்தான். "மன்னிச்சுக்க, செல்லசாமி" என்றான். சத்தம் போட்டுத் திட்டியவன் என்பதால், அதையும் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான்.

வீட்டில் சுகிர்தம் அடுத்த வாரத் தீனியைக் கலந்துகொண்டிருந்தாள். சிறில் பவுடர் பக்கற்றை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சூடு பட்டா அது கெட்டுப்போகுமாம்."

"யாரு சொன்னா?"

"மிஸ்."

அவள் கை நின்றது. "நான் சொன்னப்ப?"

 சிறில் தகரத்தில் இருந்த தவிட்டில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, "ஏன் கெட்டுப்போகுது? அது புரியலியே" என்றான். வெறும் சமாளிப்பாக இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டுமென்றே கேட்டான்.

சுகிர்தம் அவனை ஒரு தடவை பார்த்தாள். "நசுக்கின கொழுந்த பரப்பி வச்சு செவக்க விடுறீங்கள்ல? செவந்தது போதும்னா என்னா செய்வீங்க?"

"டிரையர்ல போடுவோம். சூட்டுல அப்புடியே நின்னுரும்."

"ஏன் நிக்குது? கொழுந்துக்குள்ளயும் நொதியம் இருக்கு. அதுதான் செவக்க வைக்குது. சூடு பட்டதும் அது அடங்கிப்போகுது. இந்தப் பவுடருக்கும் அதே கததான்."

சிறில் வாயைத் திறந்தபடி இருந்தான். இருபத்திரண்டு வருடமாகத் தன் கையால் செய்யும் வேலைக்கு இன்றுதான் ஒருவர் காரணம் சொல்லியிருக்கிறார். அதுவும் தன் வீட்டுக்குள்ளேயே.

"இத ஏன் முன்னயே சொல்லல?"

"ரெண்டாவது தடவ சொல்ல வந்தேன். நீங்க செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டீங்க" என்றாள் சுகிர்தம். குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம் என்று சிறிலுக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து பச்சைத்தண்ணீர்தான். குளிருக்கு என்ன செய்வதென்று அவளையே கேட்டு, கூட்டின் இடுக்குகளைச் சாக்கால் அடைத்தான். பத்து நாளில் எச்சம் இறுகியது. ஒரு மாதத்தில் முட்டை முப்பத்துமூன்றைத் தொட்டது. ஓடும் கெட்டிப்பட்டது. பிள்ளைக்காம்பராவில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் முழு முட்டை. அதைப் பார்ப்பதற்கென்றே சிறில் ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குச் சுற்றுவழியில் போனான்.

அடுத்த வகுப்புக்கு ஷாமிலா கணவன்மாரையும் வரச்சொல்லியிருந்தாள். கோவில் மண்டபம் நிறைந்திருந்தது. தீனி கலப்பதைப் பற்றிச் சுகிர்தம் பேசி முடித்ததும், யாரும் கூப்பிடாமலே சிறில் எழுந்தான்.

"நான் சுடுதண்ணி ஊத்திப் பவுடர கெடுத்தவன். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் செஞ்ச பெரிய தப்பு அதுல்ல. இவ மூணு தடவ சொன்னா. வீட்டுக்காரிக்கு என்னா தெரியப்போகுதுன்னு நெனச்சேன். அதையே வெளியாளு ஒரு தடவ சொன்னதும் நம்பிட்டேன். நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஒன்னு சொன்னா, வேற யாராச்சும் வந்து சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அவங்க சொல்றப்பவே காது குடுத்துக் கேளுங்க. கேக்காத வீட்டுல நட்டம் கோழிக்கு மட்டுமில்ல."

 முன்வரிசையில் இருந்த சுகிர்தம் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஏங்க, பின்னால ஆம்பளைங்க பக்கம் சரியாக் கேக்கலியாம். இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க."