அண்ணி திறந்த போர்ட்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே என் வீட்டு ரவுட்டரிடம் தோற்ற எரிச்சலில்தான். இணையம் வழியாக வெளியிலிருந்து வருகிறவர்களை வீட்டுக்குள் இருக்கும் ஒரு சர்வரிடம் அனுப்பவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு மத்தியானமே போனது. ஒருவரும் உள்ளே வரவில்லை. நம்மால் ஆகாததை ஒரு பாத்திரமாவது செய்து முடிக்கட்டும் என்று தொடங்கினேன்.

மழை பிசுபிசுத்த ஒரு மாலை, அவள் ஜன்னலோரம்

(வேண்டாம். மழைக்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம்?)

2

அவள் பஸ் டிரைவர். வீட்டில் அண்ணி. பணிமனையில், "ஞாயித்துக்கிழமை செஸ் போட்டியை என் வீட்டு சர்வர்லயே ஆடலாம்" என்று வாய்விட்டுவிட்டாள். எதிரணி பக்கத்துப் பணிமனை. சொதப்பினால் பஸ்ஸை விட்டுவிட்டு இவளைத்தான் ஓட்டுவார்கள்.

பழைய லேப்டாப்பில் விளையாட்டை ஏற்றினாள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், 8080 என்ற கதவைத் தட்டுகிறவர்களை லேப்டாப்பின் முகவரிக்கு அனுப்பு என்று நிரப்பிச் சேமித்தாள். இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். வாசல் காவலாளியிடம் அறை எண் சொல்லிவைப்பது மாதிரி. மொபைல் டேட்டாவில் சோதித்தாள். செஸ் பலகை வந்தது. (எனக்கு வராதது அவளுக்கு வந்தது. பொறாமையோடுதான் எழுதுகிறேன்.)

3

நாத்தனாரை என்ன செய்வது? முதல் வரைவில் வில்லியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவள் அச்சகத்துக்குப் பிழைதிருத்துபவள். ஊரார் எழுத்தில் குறை கண்டு கண்டு, தன் எழுத்தை ஒருவரிடமும் காட்டப் பயம். ஆசைக்குக் குறுக்கெழுத்துப் புதிர்கள் செய்து, தன் கணினியில், அதே 8080இல், வீட்டுக்குள் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். (அண்ணன் ஒருவர் உண்டு. கதையில் வேலை இல்லாததால் வெங்காயம் நறுக்குகிறார்.)

ஞாயிறன்று தேய்ப்புப் பெட்டியைச் செருக இடமில்லாமல் நாத்தனார் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பச் செருகியதும் ரவுட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டது. லேப்டாப்பின் பழைய முகவரி நாத்தனாரின் கணினிக்குப் போய்விட்டது. காவலாளி மட்டும் பழைய அறைக்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தான்.

4

அண்ணியின் போன் அடித்தது. பணிமனையின் மூத்த டிரைவர்.

"என்னம்மா, செஸ்ஸுன்னு சொன்னே, இங்க கட்டம் கட்டமா கேள்வியா இருக்கு?"

"என்ன கேள்வி அண்ணே?" ஸ்பீக்கரில் போட்டாள்.

"'எந்தச் சந்திலும் பஸ்ஸை நுழைப்பாள், ஊசியில் நூலை நுழைக்கமாட்டாள். மூன்றெழுத்து.' அண்ணின்னு போட்டோம், சரியா உக்காந்துடுச்சு!"

பின்னால் டிரைவர்களின் ஓய்வறையே சிரித்தது. அண்ணிக்குச் சுருக்கென்றது.

"என்னைப் பத்தியா?"

"ஐயோ அண்ணி, யார் கண்ணுலயும் படாதுன்னு நெனச்சு எழுதினது."

"படாதுன்னா என்ன வேணா எழுதுவியா?"

அண்ணன் சமையலறையிலிருந்து தலையை நீட்டி, "நூல் விஷயம் உண்மைதானே" என்றார். இருவரும் முறைத்த முறைப்பில் வெங்காயத்திடமே திரும்பிப் போனார். சிரிப்பை முதலில் அடக்க முடியாமல் போனது அண்ணிக்குத்தான்.

"இன்னொண்ணும்மா," என்றது போன். "'பயணி காத்திருக்கும் இடம்.' நிறுத்தம்தானே? அஞ்செழுத்து. ஆறு கட்டம் போட்டிருக்கு. காலி சீட்டுல யாரை ஏத்துறது?"

நாத்தனார் விரல்விட்டு எண்ணினாள். ஐந்துதான். வாழ்நாளெல்லாம் பயந்த பிழை, ஓய்வறை முழுக்கப் பார்க்க நடந்துவிட்டது. தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, திட்டு விழட்டும் என்று காத்திருந்தாள்.

"சரி, அடுத்தது எப்ப வரும்?" என்றார் மூத்த டிரைவர். "எதிரணிக்காரங்களும் இதையேதான் போட்டுக்கிட்டு இருக்காங்க."

5

அண்ணி இரண்டு கணினிகளுக்கும் இனி மாறாத முகவரி ஒதுக்கினாள். 8080 செஸ்ஸுக்குத் திரும்பியது, போட்டி நடந்தது, அவள் அணி தோற்றது. (ஜெயிக்கவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். குதிரையை அவள் கவனித்திருக்க வேண்டும்.)

பிறகு இன்னொரு வரி நிரப்பினாள்: 8081, நாத்தனாரின் கணினி. சேமிக்கும் பொத்தானை மட்டும் அழுத்தாமல் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"உன் கதவு. நீயே அழுத்து."

"திரும்பவும் தப்பு இருந்தா?"

"சொல்லுவாங்க. திருத்து. அதானே உன் வேலை?"

நாத்தனார் உட்கார்ந்து மவுஸில் கை வைத்தாள்.

அழுத்தினாள் என்று முடித்தால் நானே அவள் விரலைப் பிடித்து அமுக்கியது போலிருக்கிறது. அழுத்தவில்லை என்றால் டிரைவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அவளோ, "தள்ளிப் போங்க அண்ணி, பக்கத்துல நின்னா அழுத்த வராது" என்கிறாள். அண்ணி அடுத்த அறைக்குப் போகிறாள். நானும் எழுந்துவிட்டேன். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்களேன்.