ஒரு பெரியதா, இரண்டு சிறியதா

…கறுப்பு என்றால் எல்லாம் கறுப்புத்தானே, அதில் என்ன அசல் கறுப்பு, போலிக் கறுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே விற்பனைக்காரர் அடுத்த டிவிக்கு நகர்ந்துவிட்டார், ஐம்பது வயது இருக்கும், முன்வழுக்கை, கழுத்தில் தொங்கும் அட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே பேசுகிற பழக்கம், “இது ஓஎல்இடி மேடம், ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும், அதனால கறுப்புன்னா மையிருட்டு, இது க்யூஎல்இடி, வெளிச்சம் தூக்கலா இருக்கும், ஜன்னல் பெருசா இருக்குற வீட்டுக்கு இதான் சரி, அந்தக் கடைசில இருக்குறது சாதா எல்இடி, குடுத்த விலைக்கு வஞ்சகம் பண்ணாது…” சுவர் முழுக்க முப்பது டிவி, முப்பதிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் சிறகை விரித்தது, ஆனால் முப்பது விதமான பச்சை, இதில் எது கிளியின் உண்மையான பச்சை, அவளுக்கு எப்படித் தெரியும், கிளியைப் பெற்றவளா அவள்? அவளுக்குக் கிளியும் வேண்டாம் கறுப்பும் வேண்டாம், வீட்டிலிருந்து கிளம்பும்போது கொண்டுவந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான், கூடத்தில் மாட்ட ஒரு பெரியதா, அல்லது கூடத்துக்கு ஒன்று, கணவருடைய அறைக்கு ஒன்று என்று இரண்டு சிறியதா.

அவருடைய அறை… எப்போதிருந்து அது அவருடைய அறை ஆயிற்று? மகள் வேலைக்காக வெளியூர் போனபின் துணி காயப்போடத்தான் அந்த அறை, ஒருநாள் முதுகுவலி என்று தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போனார், முதுகு சரியாகிவிட்டது, தலையணை திரும்பி வரவில்லை. பழைய டிவி உயிரோடு இருந்தவரை மாலையில் செய்தி நேரத்துக்கு மட்டும் கூடத்துக்கு வருவார், சோபாவின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் இவள், நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், ஆனாலும் ஒரு கூரைக்குக் கீழே ஒரு சோபாவில் ஒரு மணிநேரம், அதுவும் இல்லையென்றால் என்ன இருக்கிறது? அந்த டிவி போய்ப் பதினைந்து நாள் ஆகிறது, அந்த ஒரு மணிநேரமும் போயிற்று. மகள் போனில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், “ரெண்டு சின்னதா வாங்கிடும்மா, அப்பா அவர் பாட்டுக்குப் பாக்கட்டும், நீ உன் பாட்டுக்குப் பாரு, எதுக்கு ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு ஒரே எடத்துல?” நியாயம்தான். இரண்டாவது டிவியை அவர் அறைச் சுவரில் மாட்டுகிற அன்று எல்லாம் முடிந்துவிடும், யாரும் யாரையும் விட்டுப் போகாமலேயே முடிந்துவிடும், சுவரில் நாலு துளை போட்டு, நாலு திருகாணியை முடுக்கி… “நெறைய குடும்பத்தக் காப்பாத்துனதே ரெண்டாவது டிவிதான் மேடம்,” என்று, அவள் தணிந்த குரலில் கேட்டதற்கு, விற்பனைக்காரரும் தணிந்த குரலிலேயே சொல்லிச் சிரித்தார், அவளும் சிரித்துவைத்தாள், சிரிக்காவிட்டால் மனிதர் என்ன நினைப்பார்.

தப்பு அவள் மேல்தான், அதையும் அவள் மறுக்கவில்லை, ஆனால் ஒரே ஒரு வார்த்தைக்கு எட்டு மாதமா? இருபத்தாறு வருடம் ஒரே அலுவலகத்தில் கட்டடங்களுக்கு வரைபடம் வரைந்த மனிதர், மயிரிழை பிசகாத கோடு என்று பேர் வாங்கியவர், ஒருநாள் நண்பகலில் அளவுகோல் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார், “போதும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்” என்றார், ஏன், எதற்கு, யார் என்ன சொன்னார்கள், எதற்கும் பதில் இல்லை, படத்தில் ஒரு கதவு தூணுக்குள் திறக்கிற மாதிரி போட்டுவிட்டாராம், இன்ஜினியர் எல்லார் முன்னாலும் கேலி செய்தாராம், அதுகூட அடுத்த வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அவளுக்கும் அன்று பள்ளிக்கூட ஆபீசில் தலைக்குமேல் வேலை, சாப்பிட வீட்டுக்கு ஓடிவந்திருந்த நேரம், பசி வேறு, வாயில் வந்துவிட்டது, “கையாலாகாதவங்கதான் பாதியில எழுந்து வருவாங்க.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், கடித்து என்ன செய்ய, அவர் முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டார், சுவர்க் கடிகாரத்தின் பக்கம், அன்று திரும்பிய முகம்தான். சாப்பாடு வைத்தால் முகம் ஜன்னலைப் பார்க்கும், பேசினால் முகம் அலமாரியைப் பார்க்கும், கேட்டதற்குப் பதில் வரும், ‘சரி’, ‘வேணாம்’, ‘ஆச்சு’, ஆனால் அவள் முகத்துக்கு நேராக ஒரு பார்வை இல்லை, என் மூஞ்சியைப் பார்த்தால் பாவமா, பார்க்க வேண்டாம், யார் கெஞ்சினார்கள், என்று அவளும் மன்னிப்புக் கேட்கிற வார்த்தையைத் தொண்டையிலேயே வைத்திருந்தாள், நாளாக ஆக அது கட்டிதட்டிப் போயிற்று.

இதோ இங்கேயும் அப்படித்தான், கூட வந்தவர் வாஷிங் மெஷின் வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், டிவி வாங்க வந்த இடத்தில் டிவியைக்கூடப் பார்க்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம், கடைக்காரர் முன்னால் எவ்வளவு கூச்சமாக இருக்கிறது…

“சார், டிவி இந்தப் பக்கம்,” என்றார் விற்பனைக்காரர், “அங்க வாஷிங் மெஷின்தான் சுத்தும்.”

“பாத்துட்டுத்தாங்க இருக்கேன்,” என்றார் அவர், முகத்தைத் திருப்பாமலேயே. “இப்ப கிளி வலது கிளைக்குப் போயிடுச்சு.”

கிளி போயிருந்தது. முப்பது கிளியும் வலது கிளையில் உட்கார்ந்திருந்தன.

“அட, எப்படி சார்?”

“நேரா பாத்தாத்தான் எனக்குக் கிளி இருக்காது. நடுவுல வட்டமா கறுப்பு. உங்க டிவியெல்லாம் தோத்துப்போகும், அப்படி ஒரு அசல் கறுப்பு. ஓரத்தால பாத்தா கொஞ்சம் தெரியும்.”

“ஐயையோ, கண்ணுல என்ன சார்?”

“நடுப்பார்வை போச்சு. ரெண்டு கண்ணுலயும். எட்டு மாசம் ஆச்சு, இனிமே வராதுன்னுட்டாங்க.”

பேருந்து எண் சொல்வதுபோல் சொன்னார். யாரிடம்? பெயர் தெரியாத ஒருவரிடம், இந்தக் கடையை விட்டுப் போனால் மறுபடி பார்க்கப்போகாத ஒருவரிடம், இவள் நாலடி தள்ளி நிற்கும்போது… இவள் காதில் விழட்டும் என்றா, விழாது என்றா? எட்டு மாதம். அவள் மனம் முட்டாள்தனமாக விரல்விட்டு எண்ணியது, எட்டு மாதம் என்றால் அந்தக் கதவு, அந்தத் தூண், அந்த நண்பகல், அப்படியானால் அன்று அவர் பார்த்தது கடிகாரத்தை இல்லை, கையாலாகாதவர் என்று சொன்ன வாயை, சொல்லிவிட்டுக் கடித்துக்கொண்ட நாக்கை. காலையில் நடக்கப்போகிறேன் என்று போய் மதியம் வந்த நாட்கள் எல்லாம் ஆஸ்பத்திரியா, தனியாகவா, யாரைக் கேட்டுத் தெருவைக் கடந்தார், சீட்டில் எழுதியதை யார் படித்துச் சொன்னார்கள்? மருந்து விட்ட கண்ணோடு வெயிலில் எந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? கேட்டாளா அவள், ஒருநாளாவது, ஏன் என்னைப் பார்ப்பதில்லை என்று வாயைத் திறந்து கேட்டாளா? கேட்கவில்லை. அழகு காட்டினாள். ஐயோ, அதை நினைக்கவே… அந்தத் திரும்பிய முகத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்து, மூக்கைச் சுருக்கி, அவர் ‘சரி’ என்று சொன்னதைச் சத்தமில்லாமல் வாயை மட்டும் கோணி, நாற்பத்தொன்பது வயதில், சின்னப் பிள்ளை மாதிரி, அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் எத்தனை நாள், எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே தன்னை மறந்து அழுதாள், அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கல்நெஞ்சம் என்று வைதுகொண்டே அழுதாள், மறுநாள் காலையில் கேட்டார், “ராத்திரி தலைவலியா?” குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து, “எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள். கேட்கத் தெரிந்த அளவுக்கு அவர் கேட்டார். இவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

“அப்ப சின்னதெல்லாம் வேணாம் சார்,” என்று விற்பனைக்காரர் தன் குரலைச் சரிசெய்துகொண்டார், “பெருசா ஒண்ணு எடுத்துட்டுப் பக்கத்துல சேர் போட்டு உக்காருங்க, ஓஎல்இடின்னா எந்தக் கோணத்துல உக்காந்தாலும் கலர் மாறாது.”

“வேணாங்க. அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு பாருங்க. ரெண்டு எதுக்கு, எனக்குக் காது இருக்கு, செய்தி கேக்கத்தானே.”

ரெண்டு. அந்த ‘ரெண்டு’ அவருக்கு எப்படித் தெரியும்? மகளிடம் போனில் பேசியபோது அவர் அறைக்கதவு மூடித்தானே இருந்தது, மூடியிருந்ததா, அல்லது அவர் கூடத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு… எல்லாம் தெரிந்தே அவளோடு கிளம்பி வந்திருக்கிறார், தன்னைத் தனி அறையில் மாட்டுகிற டிவியைத் தானே தேர்ந்தெடுக்க. “பெருசா ஒண்ணு,” என்றாள் அவள், “அந்த ஓஎல்இடி, ஒண்ணு மட்டும்.” விற்பனைக்காரர் ரசீதுப் புத்தகத்தை எடுக்க நகர்ந்தார்.

அவரிடம் போகவேண்டும், அது மட்டும்தான் இப்போது தெரிந்தது, சொல்லவேண்டியது எட்டு மாதமாகத் தொண்டையில் இருக்கிறது, கடையாவது, ஆட்களாவது. வாஷிங் மெஷின்களைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முகம் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கத்தில், முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில் நின்றாள், யாரும் அப்படித்தானே நிற்பார்கள், “என்னங்க,” என்றாள். அவர் கண்கள் அவள் கண்களில் நின்றன. எட்டு மாதத்துக்குப் பின் நேருக்குநேர் ஒரு பார்வை, நெஞ்சு ஒருகணம் நிறைந்தது, ஒரே ஒரு கணம், பிறகுதான் உறைத்தது, தான் போய் நின்றிருப்பது அந்தக் கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில்.

“எங்க நிக்கிற?” என்றார்.

“இங்கதாங்க.”

அவர் முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டார், அந்தப் பழைய திருப்பல், அதே வேகம், அதே கோணம். தன்னைப் பார்க்கத்தான் திருப்புகிறார், இப்போது பார்த்துக்கொண்டும் இருக்கிறார், தன் கன்னத்தில் வழிகிற கண்ணீரைக்கூடப் பார்த்திருப்பார், எல்லாம் அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் அவர் முகம் தன்னைவிட்டு விலகிய அந்தக் கணத்தில் பழைய இடத்தில் பழையபடியே சுருக்கென்றது, இனி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருக்குமா, எத்தனை நாளானால் பழகும்… பழகுமா?